ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடியவர்

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் பீங்கான்தான் ஞாபகம் வரும். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயரோடு இந்த ஊரில் ஒரு குடும்பக் கணக்கும் உண்டு.

8ஆம் நூற்றாண்டுச் சுந்தரர் ஊர் ஊராகப் பாடப் போய்விடுவார். திருவாரூரில் வீட்டையும் பங்குனி உத்திரச் செலவையும் கவனிப்பது மனைவி பரவையார். முதுகுன்றத்து இறைவன் 12,000 பொன் தந்து, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். இது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்வது. சுந்தரர் உஷார் பேர்வழி, மாற்றுப் பார்க்கக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டார்! குளத்தில் தேடினால் ஒன்றுமில்லை. கரையில் நின்ற பரவையார் கேலி செய்கிறார்.

அற்புதத்தை விடுங்கள். சுந்தரரின் சொந்தத் தேவாரத்திலேயே, பரவை முன்னால் என் சங்கடம் தீர அருள்செய் என்ற கெஞ்சல் இருக்கிறது. இதைப் புராணக் கற்பனை என்று தள்ள முடியாது.

கடைசியில் பொன் கிடைத்தது. உரசினால் மாற்று குறைவு. மறுபடி பாடி அதையும் சரிசெய்த பிறகே வீட்டுக்குப் போனது.