காலற்ற பறவையும் அலீயின் கைகளும்

கி.பி. 1521 டிசம்பரில், மலுக்குத் தீவுகளுள் ஒன்றான பச்சானின் அரசர் ஸ்பெயின் மன்னருக்கென இரு பறவைகளை அன்பளிப்பாக அளித்தார். இரண்டும் உயிரற்றவை, உலர்த்திப் பதப்படுத்தப்பட்டவை. மெகல்லனின் குழுவில் எஞ்சியோர் அவற்றை ‘விக்டோரியா’ கப்பலில் ஏற்றி 1522 செப்டம்பரில் ஸ்பெயின் கொண்டுசேர்த்தனர். இவை சுவர்க்கத்திலிருந்து வந்த பறவைகள் எனத் தீவினர் கூறியதை, உடன் பயணம் செய்த இத்தாலியர் பிகாபெட்டா எழுதிவைத்துள்ளார். மலாய் உலகில் இதன் பெயர் ‘மானுக் தேவாத்தா’. மானுக் என்பது பறவை. தேவாத்தா நம்மவர் அறிந்த வடசொல்லே.

1523இல் ஐரோப்பாவில் அச்சான ஒரு மடல் இதனினும் விந்தையான செய்தியைக் கூறுகிறது. இப்பறவை மண்ணில் அமர்வதே இல்லை. இறந்த பின்னரே வானிலிருந்து விழுகிறது. அது சுவர்க்கத்தில் பிறந்தது என முஸ்லிம் வணிகர் சொல்லக் கேட்டே மலுக்கு அரசர்கள் இஸ்லாத்தைத் தழுவினர் என்கிறார் அதனை எழுதிய மாக்ஸிமிலியன். கடல் வாணிகமும் அதன்வழி வளர்ந்த உறவுகளும் அத்தீவுகளில் இஸ்லாம் பரவக் காரணமாயிருக்க, ஓர் இறந்த பறவையின் மீது அப்பெருமையை ஏற்றுவதை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் அக்கதை எங்கிருந்து முளைத்தது என்பதை ஆராய்வது பயனுடையது. அது தோலுரிக்கும் முறையிலிருந்து முளைத்தது.

நியூகினியின் மேற்கேயுள்ள அரு தீவுகளில் வேட்டையர் பறவையின் சிறகுகளையும் கால்களையும் வெட்டியெறிவர். அலகுவரை தோலை உரித்து, மண்டையோட்டை நீக்கி, ஒரு குச்சியைச் செருகுவர். உள்ளே இலைகளைத் திணித்து, பாளையில் சுற்றிப் புகைமண்டிய குடிசையில் உலர்த்துவர். வணிகர் வேண்டியது பொன்னிறத் தூவிகளை மட்டுமே; கால் எவருக்கு வேண்டும்? அவ்வாறு வந்த தோல்களைக் கண்ட ஐரோப்பிய அறிஞர்கள், காலில்லாது காற்றிலேயே வாழும் பறவை என முடிவு கட்டினர். பிகாபெட்டா அதன் கால்களைத் தெளிவாகக் குறித்திருந்தும் அவர் சொல் எடுபடவில்லை. 1758இல் லின்னேயஸ் பெரிய சுவர்க்கப் பறவைக்கு இட்ட பெயரிலேயே ‘காலற்றது’ என்னும் பொருள் நிலைத்துவிட்டது.

பூச்சிகள் அரிக்காமல் தோலை நெடுங்காலம் காப்பதற்கு வழிகண்டவர் பிரான்சின் மெட்ஸ் நகரத்து பெக்கர். ஆர்செனிக் நஞ்சு, சவர்க்காரம், கற்பூரம், சுண்ணாம்பு முதலியன கலந்த அவருடைய பசை, அவர் 1777இல் மறைந்த பின்னரே வெளியுலகிற்குத் தெரியவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வரவேற்பறைகளில், கம்பிச் சட்டத்தின் மீது நிறுத்தி, கண்ணாடி விழி பதித்து, கண்ணாடிக் கூண்டில் மூடிய பறவைகள் பெருகியதற்கு அந்நஞ்சே துணைநின்றது. (அக்காலப் பறவைகளை இன்றும் வெறுங்கையால் தொடுவது தகாது.)

அறிஞர்கள் சேகரித்த தோல்களுக்கு விழியும் இல்லை, கம்பியும் இல்லை; பஞ்சடைத்து, மல்லாந்து கிடத்தப்பட்டவை. அத்தகைய சேகரிப்பில் பெரும்பெயர் பெற்றவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அவர் சேர்த்த பறவைத் தோல்கள் 8,050. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அலீ என்னும் மலாய் முஸ்லிம் இளைஞரின் கைவேலை என அண்மைக்கால ஆய்வாளர்கள் கணிக்கின்றனர்.

1855இல் சரவாக்கில் சமையற்பணிக்குச் சேர்ந்த அலீக்கு அப்போது வயது பதினைந்து அளவே. விரைவிலேயே சுடவும் உரிக்கவும் கற்றுக்கொண்டார். இது எளிய பணியன்று. மார்பிலிருந்து வயிறுவரை கீறி, இறகில் குருதி படாமல் உடலை எடுத்து, மூளையை நீக்கி, மண்டையோடும் சிறகெலும்பும் கால்களும் தோலோடு நிற்கச் செய்து, உட்புறம் நஞ்சு தடவ வேண்டும். வெப்பத்தில் அழுகுமுன் அனைத்தும் முடிந்தாக வேண்டும். நியூகினியின் தோரேயில் 1858இல் எறும்புகள் வீட்டையே ஆக்கிரமித்தன. ஈக்கள் தோல்களில் முட்டையிட்டன. ஓரிரவு கவனியாதுவிட்டால் புழு நெளிந்தது என வாலேஸ் எழுதுகிறார்.

அவ்வாண்டு அக்டோபரில், முன்னர் அரசர் அன்பளிப்பு வழங்கிய அதே பச்சான் தீவில், அலீ ஒரு புதுமையான பறவையோடு காட்டிலிருந்து திரும்பினார். மார்பில் பச்சைக் கவசம். இரு தோள்களிலிருந்தும் இணையிணையாக நீண்ட வெண்ணிறகுகள். சுவர்க்கப் பறவை இனத்தில் அறிவுலகம் அதுவரை அறியாத வகை அது. 1859இல் லண்டனில் கிரே அதற்குப் பெயரிட்டார். அப்பெயரில் வாலேஸ் இருக்கிறார்; அலீ இல்லை. வாலேஸ் நன்றி மறந்தவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். பறவையைக் கொணர்ந்தவர் அலீயே என அவர் தம் நூலில் பதிந்துள்ளார். 1862இல் சிங்கப்பூரில் பிரியும்போது பணமும் இரு துப்பாக்கிகளும் அளித்து, அலீயின் நிழற்படமும் எடுக்கச் செய்தார். முகம் நமக்குக் கிடைத்தது அப்படத்தினாலேயே.

1907இல் அமெரிக்க விலங்கியலார் தாமஸ் பார்பர் தர்னாத்தே தீவில் இருந்தபோது, நரைத்த மலாய் முதியவர் ஒருவர் அவரைத் தடுத்து நிறுத்தி, தம்மை ‘அலீ வாலேஸ்’ என அறிமுகம் செய்துகொண்டார். பார்பர் இதனை இங்கிலாந்துக்கு எழுதினார். எண்பதைக் கடந்திருந்த வாலேஸிடமிருந்து மறுமொழி வந்தது.