கருங்குறும்பை: ஆட்டின் நிறம் பதிவேடு ஏறிய வரலாறு

வாலிகண்டபுரம் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது 1751இல் சந்தா சாகிபின் படையும் ஆங்கிலேயர் படையும் அங்கே மோதியதால். கால்நடை நூல்களில் அந்த வட்டாரத்துக்கு வேறோர் அடையாளம் உண்டு: உடல் முழுதும் கருத்த செம்மறியாடு. ஊரில் கருங்குறும்பை, அலுவலக ஏடுகளில் திருச்சி கருப்பு. வாலிகண்டபுரம் அடங்கிய பெரம்பலூர் பகுதி 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்ததால், மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய பெயரே நின்றுவிட்டது.

நிறத்தைக் கொண்டு வகை பிரித்துப் பதிவதில் வண்ணமீன் வளர்ப்போர்தான் முன்னோடிகள் என்று தோன்றும். கப்பி ஆண் மீனின் முதுகுத்துடுப்பில் உள்ள கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது என்று டென்மார்க்கின் யோகான்னஸ் ஷ்மிட் 1920இல் காட்டினார். ஃபைட்டர் மீனுக்கென 1966இல் அமெரிக்காவில் உருவான சர்வதேச பெட்டா காங்கிரஸ், எந்த நிறம் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று வரையறை எழுதியது. சென்னை கொளத்தூர் கடைகளில் விலை சொல்லும்போதும் நிறத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. அங்கே வளர்ப்பவர் நிறத்தை உருவாக்குகிறார், சங்கம் அதற்குப் பெயரிடுகிறது. ஆட்டு மந்தையிலோ பெயர் முதலில் மேய்ப்பவர் வாயில் இருந்தது. ஏடு மிகவும் பிந்தி வந்தது.

அந்த ஏட்டில் முக்கியமானது, ஆர்.எம். ஆச்சார்யா ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக 1982இல் எழுதிய நூல். கருங்குறும்பையைப் பற்றி அதில் உள்ள விவரம் சுருக்கமானது: சிறிய உடல், முழுக் கருப்பு, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை, மெல்லிய குட்டை வால், முரட்டு முடி. கொம்பும் வாலும் அதில் இருந்தாலும் பெயராக நின்றது நிறம் மட்டுமே.

நிறம் அவ்வளவு நம்பகமான சாட்சி அல்ல என்பதே என் கருத்து. செம்மறியில் கருப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒரு வழியில் தாய், தந்தை இருவரில் ஒருவர் தந்தாலே போதும், குட்டி கருப்பாகிவிடும். அதற்குள் வேறு நிறம் ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மற்றதில் இருவரும் தந்தாக வேண்டும், அதனால் கருப்பல்லாத சோடிக்கும் கருங்குட்டி பிறக்கலாம். சிவந்த மந்தையில் பிறந்த அப்படியொரு குட்டியை யாரும் கருங்குறும்பை என்று எழுதிவிட முடியாது. நிறம் வயதோடு மாறுவதும் உண்டு. உம்பளச்சேரி மாட்டின் கன்று செவலையாகப் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வரும். எந்த வயதில் பார்த்து எழுதினீர்கள் என்ற கேள்வி பதிவாளரை விடாது.

1984இல் தொடங்கி இன்று கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தின் வழியே, இனங்களைப் பதிவு செய்யும் முறை 2007 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறத்தோடு கொம்பு, காது, வால், உடல் அளவுகள், வாழிடம், எண்ணிக்கை எல்லாம் கேட்கப்படுகின்றன. இதன் பயன் மதுரைப் பக்கம் தெரிந்தது. வாடிப்பட்டி வட்டாரத்தின் கச்சைகட்டி கருப்பும் கருநிறச் செம்மறிதான். கிடாச் சண்டைக்குப் பெயர்பெற்றது. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அது திருச்சி கருப்புக்குள் அடங்கியிருக்கும். தனி இனமாகவே பதிவானது. 2019 முதல் பதிவான இனங்கள் அரசிதழிலும் வெளியாகின்றன.

ஆனால் மீன் வளர்ப்போர் செய்ததை இந்தப் பதிவேடு செய்யவில்லை. தென்மாவட்ட வெள்ளாடான கன்னி ஆட்டில் கருப்பு உடலில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செந்நிறக் கோடு ஓடினால் செங்கன்னி. வளர்ப்பவர் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறார். ஃபைட்டர் மீனாக இருந்திருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு போட்டிப் பிரிவு கிடைத்திருக்கும். கர்னால் பதிவேட்டிலோ இரண்டும் சேர்ந்து ஒரே இனம், ஒரே எண்.