வெளியுறவுக் கணக்கில் ஓர் ஊர்: புதுச்சேரியும் நாடாளுமன்றத்தின் நிதி மேற்பார்வையும்

1961ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் பேருந்து வழித்தட அனுமதி பற்றிய வழக்கு ஒன்று இருந்தது. மஸ்தான் சாகிப் எதிர் புதுச்சேரி தலைமை ஆணையர் என்பது அதன் பெயர். யாருக்கு அனுமதி தருவது முறை என்று தீர்ப்பதற்கு முன்பே நீதிபதிகளுக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. புதுச்சேரி இந்திய ஆட்சிப்பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? 1947ஆம் ஆண்டின் அயல்நாட்டு அதிகாரவரம்புச் சட்டத்தின்படி அந்தக் கேள்வியை மத்திய அரசிடமே கேட்டார்கள். நிர்வாகம் முழுவதும் இந்திய அரசின் கையில் உள்ளது, ஆனால் அது இந்திய ஆட்சிப்பகுதி அல்ல என்று பதில் வந்தது. மனுதாரருக்கு உச்ச நீதிமன்றத்தில் வழி பிறக்கவில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில் இந்திய மூவண்ணக்கொடி பறக்கத் தொடங்கி அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஏழு ஆண்டுகளும் ஊரின் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் காவலருக்கும் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளிலிருந்து. உலக நாடுகளில் இருந்த இந்தியத் தூதரகங்களின் செலவுக்குப் பக்கத்தில், ‘புதுச்சேரி மாநிலம்’ என்ற தனிக் கோரிக்கையாக, ஆண்டுதோறும் மக்களவையின் ஒப்புதலுக்கு அது போனது. ஒப்புதல் தந்த அந்த அவையில் புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்கூட இல்லை. வெளியுறவுச் செலவின் மீது நாடாளுமன்றத்தின் பிடி எப்படி வளர்ந்தது என்பதைப் புதுச்சேரியில் நின்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. பணத்தை யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்பதைவிட, அந்தப் பணத்தால் வாழ்ந்தவர்களின் குரல் அவைக்குள் இருந்ததா என்பதே அந்தப் பிடியின் வலுவை அளந்து காட்டுகிறது.

பிரெஞ்சுக் காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. சில ஆண்டுகளில் செனட் சபையிலும் ஓர் இடம் கிடைத்தது. அந்த உறுப்பினர் குடியேற்ற நாடுகளின் செலவுக்கு மட்டுமல்லாமல் பிரான்சின் மொத்த நிதிநிலை அறிக்கைக்கும், அதனுள் அடங்கிய வெளியுறவுத் துறைச் செலவுக்கும் வாக்களித்தார். 1872இல் உள்ளூர் சபைகளும் 1879இல் பொதுச் சபையும் வந்தன. குடியேற்றத்தின் உள்ளூர் வரவுசெலவை விவாதித்தது இந்தப் பொதுச் சபை, அதாவது கொன்செய் ழெனரால்.

அதே காலத்தில் எல்லைக்கு அந்தப்புறம், கடலூரிலும் விழுப்புரத்திலும் இருந்தவர்களுக்கு இப்படி எதுவும் கிடையாது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மத்தியச் சட்டமன்றத்துக்கு மானியங்கள் மீது வாக்களிக்கும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் பாதுகாப்பு, கிறித்தவத் திருச்சபை, ‘அரசியல்’ ஆகிய தலைப்புகளில் அடங்கிய செலவுகளை வாக்கெடுப்புக்கு அப்பால் வைத்துவிட்டது. அயல்நாட்டு உறவுகளும் சுதேச சமஸ்தானங்களுடனான உறவுகளும் அந்த ‘அரசியல்’ தலைப்புக்குள் போயின. 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வெளிவிவகாரம் கவர்னர் ஜெனரலுக்கே ஒதுக்கப்பட்டது. இந்தியரின் வரிப்பணத்தில் நடந்த வெளியுறவை இந்தியப் பிரதிநிதிகள் வாக்கால் தொட முடியாமலே சுதந்திரம் வரை காலம் ஓடிற்று.

இதை வைத்துப் பிரெஞ்சு ஏற்பாட்டைப் புகழ்ந்துவிடவும் முடியாது. 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்கள் இன்னொரு பட்டியல். மற்ற எல்லோரும் மூன்றாவது. மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கான ஐரோப்பியருக்கு அதனால் கிடைத்த இடங்கள் அவர்கள் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாதவை. மூன்றாவது பட்டியலின் பெரும்பான்மையைக் கையில் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியார் 1908இல் இறக்கும் வரை ஊர் அரசியலை ஆட்டிவைத்தார். தேர்தல் நாளில் அடிதடியும் வாக்குப்பெட்டி மோசடியும் வழக்கமாயின. பாரிஸ் இருக்கைக்குப் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களே போனார்கள். 1910 முதல் 1924 வரை அதை வைத்திருந்த போல் புளுய்சேன் பாரிசின் பத்திரிகையாளர். அரவிந்தரின் வரலாற்றில் இடம்பெறும் போல் ரிஷார் 1914இல் அவரை எதிர்த்துத் தோற்றார். புதுச்சேரிக்காரனின் வாக்கு பாரிஸ் வரை போனது உண்மை. அவன் குறை அவ்வளவு தூரம் போனதா என்பது வேறு. லம்பேர் சரவணும், 1951இல் எதுவார் குபேரும் அந்த இருக்கைக்குப் போனபோதுதான் உள்ளூர் அரசியல் நேரடியாகப் பாரிஸ் அவைக்குள் நுழைந்தது. அதற்குள் பிரெஞ்சு ஆட்சியின் நாட்கள் எண்ணப்பட்டுவந்தன.

டெல்லியில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு பழைய தடையை நீக்கியது. 113ஆம் உறுப்பின்படி வெளியுறவு அமைச்சகமும் மற்ற அமைச்சகங்களைப் போலவே மக்களவையிடம் மானியம் கேட்டாக வேண்டும். இது சாதாரண மாற்றமல்ல. இந்திய அரசு அயல்நாட்டுடன் ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. கையெழுத்திடுவது அமைச்சரவையின் அதிகாரம். எனவே வெளியுறவை நாடாளுமன்றம் தட்டிக்கேட்க முடிந்த உறுதியான வழி பணம்தான். அதன் முதல் சோதனையும் சீக்கிரமே வந்தது. லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் 1948இல் ராணுவத்துக்காகச் செய்த ஜீப் கொள்முதலைப் பொதுக் கணக்குக் குழு கடுமையாகக் கேள்வி கேட்டது. 1955இல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவிட்டதாக அறிவித்தது. குழு கேட்கலாம், முடிவு அமைச்சரவையுடையது என்ற எல்லை அங்கேயே தெளிவாயிற்று.

புதுச்சேரி அந்த ஆண்டுகளில் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு தூதரக ஊர். 1941இல் செய்யப்பட்ட சுங்க ஒன்றிய உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் முளைத்தன, கடத்தல் பெருகியது. பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசமைப்பில் 27ஆம் உறுப்பு, மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது. 1954 மார்ச்சில் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியாவோடு இணைவதற்கான அணியைத் தொடங்கினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அதுவரை அங்கே இந்தியாவின் கான்சல் ஜெனரலாக இருந்த கேவல் சிங்கே முதல் தலைமை ஆணையரானார். நேற்றுவரை வெளிநாட்டுத் தூதரகமாக நடந்த அலுவலகத்தின் தலைவர் மறுநாள் ஊரை ஆளத் தொடங்கினார். அமைச்சகம் மட்டும் மாறவில்லை.

ஒப்படைப்பு உடன்பாட்டில் இந்திய அரசு பெரும் நிதிப் பொறுப்புகளை ஏற்றது. குடியேற்றத்தின் அரசு ஊழியர்கள் இந்தியப் பணிக்கு வந்தார்கள். 1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் இடத்தில் 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி எழுந்தது; அதுவே பிற்காலத்தில் ஜிப்மர் ஆனது. ஒரு மருத்துவக் கல்லூரிக்கான செலவை வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கேட்ட ஆண்டுகள் அவை. பழங்குடிப் பகுதிகள் என்ற தலைப்பில் வடகிழக்கு எல்லைப்புறமும் இதே அமைச்சகத்தின் கோரிக்கைகளில் இருந்தது. 1961 டிசம்பருக்குப் பிறகு கோவாவும் அங்கே வந்து சேர்ந்தது.

மக்களவையில் இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் எல்லாக் கோரிக்கைகளும் ஒன்றாகவே விவாதத்துக்கு எடுக்கப்பட்டன. நேரு பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்ததால் அந்த விவாதம் நாட்டின் உலகப் பார்வையைப் பற்றிய ஆண்டு விவாதமாகவே ஆகிவிட்டது. பஞ்சசீலம், சீட்டோ, சூயஸ், ஹங்கேரி, திபெத் என்று உறுப்பினர்கள் பேசினார்கள். அந்த அலையில் காரைக்கால் வாய்க்காலுக்கும் புதுச்சேரி ஆலைத் தொழிலாளிக்கும் கிடைக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. விதி வழி கொடுத்திருந்தது. குறிப்பிட்ட ஒரு குறையை எழுப்ப விரும்பும் உறுப்பினர் கோரிக்கைத் தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தொகை பெயரளவுக்குத்தான், அமைச்சர் அந்தக் குறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் பலன். ஆனால் புதுச்சேரியின் குறைக்காக அந்த 100 ரூபாயை வெட்டச் சொல்ல வேண்டியவர் சென்னை மாநிலத்திலோ கேரளத்திலோ வங்காளத்திலோ தேர்ந்தெடுக்கப்பட்டவராகத்தான் இருக்க முடியும். அவருடைய வாக்காளர்களில் ஒருவர்கூடப் புதுச்சேரியில் இல்லை.

உள்ளூரில் 39 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதித்துவ சபை 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டது உண்மை. தலைமை ஆணையருக்குத் துணையாகக் கவுன்சிலர்களும் இருந்தார்கள். எனினும் ஆணையர் பதில் சொல்ல வேண்டியது வெளியுறவு அமைச்சகத்துக்கு. 1958 அக்டோபரில் அந்தச் சபையும் கலைக்கப்பட்டது; மறு ஆண்டு ஆகஸ்டில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஊரின் செலவைக் கேள்வி கேட்க அதிகாரம் பெற்றிருந்த ஒரே மன்றம் டெல்லியில் இருந்தது. 1959இன் வசந்தகாலத்தில் அங்கே திபெத்தும் தலாய் லாமாவின் வருகையும்தான் பேச்சு. புதுச்சேரியின் ஜனநாயக வரலாற்றில் இந்த மாதங்களுக்கு இதுவரை கிடைத்த கவனம் போதாது என்பதே என் கருத்து. பிரெஞ்சு ஆட்சியில் குறையுள்ளதாகவேனும் இருந்த உள்ளூர்ச் சபை, நாடாளுமன்ற இருக்கை ஆகிய இரண்டும், விடுதலைக்குப் பின் அந்த மாதங்களில் ஒருசேர இல்லாமற்போயின.

இந்த நிலை ஏன் இவ்வளவு நீண்டது என்பதற்கான விடை பாரிசில் இருக்கிறது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தானது. அல்ஜீரியப் போரின் நடுவே வேறொரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக எந்தப் பிரெஞ்சு அரசும் துணியவில்லை. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962 ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16 அன்று ஏற்புப் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. ஒரு நாட்டில் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது, மற்றொன்றில் தேவைப்படவில்லை. அந்த வேறுபாட்டின் விலையை ஆறு ஆண்டுகள் கொடுத்தது புதுச்சேரி.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1962 டிசம்பரில் பதினான்காவது அரசமைப்புத் திருத்தம் புதுச்சேரியை யூனியன் பிரதேசமாக்கியது. 1963 ஜூலை 1 அன்று சட்டமன்றம் பிறந்தது, குபேர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் புதுச்சேரிக்கு மக்களவையில் இடம் கிடைத்தது. யூனியன் பிரதேசத்துக்கெனத் தனித் தொகுப்பு நிதியும் அமைந்தது. பிற்பாடு டெல்லியில் ஊரின் விவகாரம் உள்துறை அமைச்சகத்துக்குப் போனது. இன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் புதுச்சேரிக்கான நிதி மாற்றம் உள்துறையின் கோரிக்கைகளில் ஒன்றாக வருகிறது.

வெளியுறவு அமைச்சகத்தின் மானியமோ நேரு காலத்து விவாதத்தை இழந்தது. அவையில் நேரம் போதாமல் பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமின்றிக் கடைசி நாளில் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. கில்லட்டின் என்று அதற்குப் பெயர். பல ஆண்டுகளில் வெளியுறவும் அதில் அடங்கிவிடுகிறது. அந்தக் குறையை நிரப்பவே 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைந்தன. வெளியுறவு நிலைக்குழுவில் இப்போது 31 பேர். 21 பேர் மக்களவையினர், 10 பேர் மாநிலங்களவையினர். செயலாளரையும் அதிகாரிகளையும் நேரில் அழைத்துக் கணக்கை வரிவரியாகக் கேட்கிறார்கள். பூட்டானுக்கு ஏன் இவ்வளவு உதவி, காலிப் பணியிடங்கள் ஏன் நிரம்பவில்லை, ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை என்பவை ஆண்டுதோறும் திரும்ப வரும் கேள்விகள். 2025-26இல் அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 20,516 கோடி ரூபாய், மொத்த மத்திய பட்ஜெட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அமைச்சகத்தின் வேலைக்கு இத்தகைய ஒதுக்கீடு போதாது என்று குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. குழுவின் அறிக்கையில் வெட்டுத் தீர்மானத்தை ஒத்த எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்பது விதி. பழைய 100 ரூபாய் வெட்டு அமைச்சரை அவையில் எழுந்து நிற்க வைத்தது. குழு அதைவிட ஆழமாகக் கேட்கிறது, ஆனால் மூடிய அறைக்குள் கேட்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்திருக்க வேண்டும்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை வெளியுறவுக் கணக்கு இன்னும் முடிந்துபோன பழங்கதை அல்ல. மரைன் வீதியின் பிரெஞ்சுத் துணைத் தூதரகமும், 1826இல் தொடங்கிய லிசேயும், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பாரிசின் வெளியுறவுச் செலவோடு தொடர்புடையவை. ஒப்பந்தம் தந்த வாய்ப்பின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரருக்கான பதினோராவது தொகுதியில் வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரரான சொல்தாவின் வீட்டிலிருந்து இன்றும் பாரிஸ் அவைக்கு ஒரு வாக்கு போகிறது.

இந்தியப் பக்கத்தில் கேள்வி காரைக்காலில் நிற்கிறது. காரைக்கால் மீனவர் இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் அவரை மீட்கும் வேலை வெளியுறவு அமைச்சகத்துடையது. அதே அமைச்சகத்தின் 2025-26 கணக்கில் இலங்கைக்கான உதவி 300 கோடி ரூபாய். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்துக் கேட்கும் இடம் நிலைக்குழு. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். அந்த இருவரில் ஒருவரும் 31 பேரில் இடம்பெறாத ஆண்டுகளில், காரைக்கால் படகுகளுக்காகக் குழுவில் கேட்க வேண்டியவர் நாகப்பட்டினத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ உறுப்பினராக இருப்பவர்தான்.