த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்

'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்பது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ராப் இசைக் கலைஞரும் பாடகியுமான லாரின் ஹில் 1998 ஆகஸ்ட் 25 அன்று வெளியிட்ட ஹிப் ஹாப் இசைத்தொகுப்பு ஆகும். ரஃப்ஹவுஸ், கொலம்பியா ஆகிய நிறுவனங்கள் இதனை வெளியிட்டன. ஹிப் ஹாப்புடன் சோல், ரெகே ஆகிய இசை வகைகளும் இதில் கலந்துள்ளன. ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ஹிப் ஹாப் தொகுப்பு இதுவாகும். ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி லாரின் ஹில் தனியாக வெளியிட்ட ஒரே தொகுப்பும் இதுவே.

பின்னணி

நியூ செர்சி மாநிலத்தில் வளர்ந்த லாரின் ஹில், ஃபியூஜீஸ் என்னும் மூவர் குழுவின் உறுப்பினராக அறிமுகமானார். அக்குழுவின் 'த ஸ்கோர்' தொகுப்பு 1996 ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. 1997 ஆகஸ்ட் மாதத்தில் இவருக்கு முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் தனித்தொகுப்புக்கான ஒலிப்பதிவைத் தொடங்கினார். 'டு சயன்' என்னும் பாடல் அக்குழந்தையைப் பற்றியது.

தொகுப்பின் பெயர், வரலாற்றாளர் கார்ட்டர் ஜி. உட்சன் 1933 ஆம் ஆண்டில் எழுதிய 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் த நீக்ரோ' என்னும் நூலின் பெயரைத் தழுவியது. கறுப்பின மாணவர் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுமாறு பள்ளிகள் கற்பிக்கின்றன என்பது அந்நூலின் வாதம். பள்ளியில் கிடைக்காத கல்வியை வாழ்க்கையிலிருந்து பெறுதல் என்னும் கருத்து இத்தொகுப்பு முழுவதும் இழையோடுகிறது.

ஒலிப்பதிவும் இசையும்

நியூயார்க்கின் சுங் கிங் கூடத்திலும், ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில் பாப் மார்லி நிறுவிய டஃப் காங் கூடத்திலும் ஒலிப்பதிவு நடைபெற்றது. கணினியில் கோத்த தாளங்களோடு நிற்காமல், இசைக்கருவிகள் நேரடியாக வாசிக்கப்பட்டன. 'டு சயன்' பாடலுக்குக் கார்லோஸ் சந்தானா கிட்டார் வாசித்தார். மேரி ஜே. பிளைஜ், டி'ஏஞ்சலோ ஆகியோர் ஆளுக்கொரு பாடலில் இணைந்து பாடினர். அப்போது கல்லூரி மாணவராக இருந்த ஜான் லெஜண்ட் 'எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்' பாடலுக்குப் பியானோ வாசித்தார்.

தொகுப்பு ஒரு வகுப்பறைக் காட்சியுடன் தொடங்குகிறது. மணி ஒலிக்கிறது, ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார், லாரின் ஹில் என்னும் பெயருக்கு மட்டும் பதில் வருவதில்லை. பாடல்களுக்கு இடையே மாணவர்கள் அன்பைப் பற்றி விவாதிக்கும் பகுதிகள் வருகின்றன. ஆசிரியராகப் பேசிய ராஸ் பராகா, பின்னர் 2014 ஆம் ஆண்டில் நியூவர்க் நகர மேயரானார்.

விற்பனையும் விருதுகளும்

வெளியான முதல் வாரத்தில் அமெரிக்காவில் 4,22,000-க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, பில்போர்ட் 200 பட்டியலில் நேராக முதலிடத்தைப் பிடித்தது. 'டூ வாப்' பாடலும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது. 2021 ஆம் ஆண்டில் இத்தொகுப்பு அமெரிக்காவில் வைரச் சான்றிதழ் பெற்றது. இணையவழிக் கேட்பையும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஒரு கோடி அலகுகளை எட்டும் தொகுப்புகளுக்கு இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது.

1999 கிராமி விழாவில் லாரின் ஹில் 10 பரிந்துரைகளைப் பெற்று 5 விருதுகளை வென்றார். ஆண்டின் சிறந்த தொகுப்பு, சிறந்த புதிய கலைஞர் ஆகியவை தவிர மற்ற மூன்றும் ரிதம் அண்ட் புளூஸ் பிரிவைச் சேர்ந்தவை. ராப் பிரிவில் 'லாஸ்ட் ஒன்ஸ்' பாடல் பரிந்துரைக்கப்பட்டும் விருது பெறவில்லை. அடுத்ததாக 2004 ஆம் ஆண்டில் அவுட்காஸ்ட் இரட்டையரின் தொகுப்பே ஹிப் ஹாப் சார்பில் ஆண்டின் சிறந்த தொகுப்பு விருதை வென்றது.

படைப்புரிமை வழக்கு

தொகுப்பின் எழுத்துக்கும் தயாரிப்புக்குமான பெருமை பெரும்பாலும் லாரின் ஹில்லுக்கே அளிக்கப்பட்டிருந்தது. அவருடன் பணியாற்றிய நியூ ஆர்க் என்னும் நால்வர் குழு, பல பாடல்களை எழுதியதிலும் தயாரித்ததிலும் தமக்கிருந்த பங்கு முறையாகக் குறிப்பிடப்படவில்லை எனக் கூறி 1998 ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தது. லாரின் ஹில் தரப்பு இதனை மறுத்தது. 2001 ஆம் ஆண்டில் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. எனவே யார் எதை எழுதினர் என்பது குறித்து நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை.

பலர் ஒரே அறையில் அமர்ந்து வாசித்தும் பாடியும் பாடலை உருவாக்கும்போது, ஒரு மெட்டு அல்லது தாளம் யாருடையது என்பதைப் பின்னர் பிரித்தறிவது எளிதன்று. பங்குகளை முன்னரே எழுத்தில் பதிவு செய்வதன் தேவைக்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தாக்கம்

இத்தொகுப்புக்குப் பின் லாரின் ஹில் 2002 ஆம் ஆண்டில் எம்டிவி அன்பிளக்டு நேரடி நிகழ்ச்சியின் பதிவை வெளியிட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' தொகுப்பைத் தனது தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துள்ளது. 2024 ஆம் ஆண்டில் ஆப்பிள் மியூசிக் வெளியிட்ட 100 சிறந்த இசைத்தொகுப்புகளின் பட்டியலில் இது முதலிடம் பெற்றது.