இதய நோய்க்கும் அழற்சி மரபணுக்களுக்கும் என்ன தொடர்பு?

மாரடைப்புக்குக் கொழுப்பு மட்டுமே காரணமல்ல. இரத்தக் குழாய்ச் சுவரில் நீடிக்கும் அழற்சிக்கும் அதில் பங்குண்டு. அழற்சியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு மரபணுக்களும் ஒரு காரணம். அந்த வேறுபாடுகளை ஆராய்ந்ததன் மூலம், எந்த அழற்சிப் புரதம் நோயை வளர்க்கிறது, எது நோயின் அடையாளமாக மட்டும் உள்ளது என்பது தெளிவாகியுள்ளது.

அழற்சி செயல்படும் விதம்

தமனியின் உட்சுவரில் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு படியும்போது, அதை அகற்ற வெள்ளையணுக்கள் குவிகின்றன. அவை இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களைச் சுரக்க, அழற்சி தீவிரமாகிறது. கொழுப்புப் படிவின் மேலுறை நலிந்து வெடித்தால், அங்கு இரத்தம் உறைந்து மாரடைப்பு ஏற்படுகிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டுவதால், இரத்தத்தில் சிஆர்பி புரதமும் உயர்கிறது.

சிஆர்பி: காரணமா, அடையாளமா?

சிஆர்பி அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம். ஆனால், புகைப்பழக்கமும் உடல் பருமனும்கூட சிஆர்பியை உயர்த்துவதால், உண்மையான காரணம் எது என்ற கேள்வி நீடித்தது. மரபணு வேறுபாடுகள் கருவிலேயே முடிவாகிவிடுவதால், வாழ்க்கை முறை அவற்றை மாற்றுவதில்லை. எனவே, ஆய்வாளர்கள் அவற்றின் துணையை நாடினர். சுமார் 1.94 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2011-ல் வெளியான ஆய்வில், மரபணு காரணமாக சிஆர்பி உயர்ந்திருப்போருக்கு இதய நோய் அபாயம் அதிகரிக்கவில்லை எனத் தெரியவந்தது.

மாறாக, இன்டர்லூகின்-6 ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடு, அப்புரதத்தின் செயல்பாட்டைத் தணிக்கிறது. 2 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2012-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வின்படி, இவ்வேறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் இதய நோய் அபாயம் சுமார் 3.4 சதவீதம் குறைகிறது.

சிகிச்சையில் மாற்றம்

முன்பு மாரடைப்பு ஏற்பட்டு, சிஆர்பியும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம், இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்து சோதிக்கப்பட்டது. 2017-ல் வெளியான முடிவின்படி, 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. எனினும், உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்று அதிகரித்தன. அழற்சியைத் தடுப்பது நோய் எதிர்ப்பாற்றலையும் பாதிக்கக்கூடும் என்பதை இது உணர்த்தியது.

இந்தியர்களுக்கு என்ன பொருள்?

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே, பிற நாட்டினரைவிட சுமார் 6 ஆண்டுகள் முன்னதாக ஏற்படுவதை இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. ஆனால், மேற்கூறிய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்த இடைவெளியைக் குறைக்க, 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய 'ஜீனோம் இந்தியா' திட்டம் உதவக்கூடும்.

தனியொரு மரபணு வேறுபாட்டின் விளைவு மிகச் சிறியது. எனவே, அதை மட்டும் பரிசோதித்து ஒருவருக்கு மாரடைப்பு வருமா என்று கூற இயலாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையைக் கைவிடுவதுமே இன்றும் முதன்மையான பாதுகாப்பு.