காவலூர் தந்த ஆறுதல்

திருமானூர் வட்டாரத்தில், கொள்ளிடத்தின் வடபுறத்தே அமைந்துள்ளது ஏலாக்குறிச்சி. இவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றியவர் வீரமாமுனிவர். அவர் அங்கு எழுப்பிய ஆலயத்தின் தலைவி அடைக்கல அன்னை. காவல், அடைக்கலம் என்னும் சொற்களின் அருமையை அவர் பட்டு அறிந்தவர்.

1680இல் இத்தாலியில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, தமிழகம் வந்த சில ஆண்டுகளிலேயே, 1714-15 காலத்தில், நெல்லைச் சீமையின் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டார். மரண தண்டனைக்கு ஆளாகி, அரிதின் உயிர் தப்பினார்.

பின்னாளில் அவருடைய பணிக்களமாக விளங்கியது திருக்காவலூர். அவ்வூரின் பெயராலேயே கலம்பகம் ஒன்று பாடினார். புனித வளனாரின் வரலாற்றை 3615 பாடல்களில் தேம்பாவணியாகத் தொடுத்தார். உடன் உழைத்த வேதியர்களுக்கென வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். தனியொருவராய்ச் சுமக்கத்தக்க பணியன்று அது.

அவர் பாடிய இன்னொரு நூல் அன்னை அழுங்கல் அந்தாதி. சிலுவையடியில் நின்று புலம்பும் தாயை அதில் காண்கிறோம். அழுவது விசுவாசக் குறைவென்று தம்மையே கடிந்துகொள்வோர் நம்மிடையே பலர். முனிவரோ, அழுத அன்னையையே அடைக்கலமாகக் காட்டினார்.

பிறரன்புக்கு ஆண்டவர் வைத்த அளவுகோல், ஒருவர் தம்மீது கொள்ளும் அன்பே. ஆதலின், புண் ஆறும்வரை தம்மிடம் பொறுமை காட்டுவது தன்னலமாகாது. நீட்டிய கையைப் பற்றுவது இழிவுமாகாது. துயருற்றோரின் கதவைத் தட்டி, அருகிருந்து கேட்க ஒருவர் உளரேல், அவ்வீடும் ஒரு திருக்காவலூரே.