அரசி தங்காத வீடு

பிரிட்டனியின் மோர்லே நகரில் ‘டச்சஸ் ஆன் வீடு’ என்றொரு மரச்சட்ட வீடு உண்டு. ஆன் இறந்தது 1514இல். வீடு எழுந்தது ஏறக்குறைய 1530இல். அவள் அதில் வாழ்ந்திருக்க முடியாது. அதை எழுப்பியவை லினன் துணி வணிகத்தின் பணமும் தச்சர்களின் கையும்தான். நடுவில், கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கும் உயர்ந்த கூடம்; சுருள்படி; படியை அறைகளோடு இணைக்கும் மரநடை. இந்த மரநடையைப் பிரெத்தோன் மொழியில் ‘பொந்தலேஸ்’ என்கிறார்கள். அவ்வூரின் இன்னொரு வீட்டுப் படிக்கட்டு 1909இல் லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் மியூசியத்தில் சேர்ந்தது. ஏறிப்போய்ச் சேர அதற்கு இனி அறைகள் இல்லை. இந்த வீடோ 1883இலேயே அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. காத்தது தச்சுவேலையா, பொய்ப்பெயரா? பெயருக்கும் பங்குண்டு என்றே சந்தேகிக்கிறேன். நம் விமர்சனமும் ஆசிரியன் பெயரைச் சொல்லித்தான் பிரதியைக் காக்கிறது. படியேறிப் பார்ப்பவர் குறைவு.